செகண்ட் ஹேண்ட் ஹிட்டாச்சி: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியில் ஆரம்பித்து தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் செயின் வண்டிக்கு, அதாவது செயினில் ஓடி மண் தோண்டும் ஹிட்டாச்சிக்கு, வேலை இருந்துகொண்டேதான் இருக்கிறது. கோடையில் கண்மாய் தூர் வாரல், சீமைக்கருவேலம் பிடுங்கல், அப்புறம் இறால் குட்டை, உப்பளக் கரை, வீட்டு அஸ்திவாரம். புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது, பழசைத்தான் தேடுகிறார்கள். கீழே இருக்கிற பதில்கள் எல்லாம் 20 டன் எடை வகுப்பு வண்டியை மனதில் வைத்து எழுதியவை. சின்ன வண்டிக்கு அளவுகள் மாறும், பார்க்க வேண்டிய இடங்கள் மாறாது.

20 டன் வண்டி என்றால் அதில் என்னென்ன அளவு இருக்க வேண்டும்?

டாடா ஹிட்டாச்சி இஎக்ஸ் 200, கோமட்சு பிசி 200, ஹூண்டாய் 210, ஜேசிபி ஜேஎஸ் 205 எல்லாம் ஏறக்குறைய ஒரே வகுப்பு. எஞ்சின் 130 முதல் 150 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில், பக்கெட் ஒரு கன மீட்டரை ஒட்டி, தோண்டும் ஆழம் ஆறரை மீட்டர் அளவுக்கு, எட்டும் தூரம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெயின் ரிலீஃப் அழுத்தம் (ஹைட்ராலிக் ஆயில் அதிகபட்சம் ஏறும் அழுத்தம்) 350 பார் சுற்றி இருக்கும், பிசி 200-ல் 380 வரை போகும். லீவர் சொல்வதை வால்வுக்குக் கொண்டுபோகும் பைலட் லைனில் 35 முதல் 40 பார்தான். ஹைட்ராலிக் டேங்கில் 130 லிட்டர் சுற்றி ஆயில் நிற்கும், பைப், சிலிண்டர் எல்லாம் சேர்த்தால் 200-ஐத் தாண்டும். டீசல் மணிக்கு 12 முதல் 16 லிட்டர் வரை குடிக்கும், வேலையையும் ஆபரேட்டர் கையையும் பொறுத்தது.

விற்பவர் சொல்லும் அளவை விட வண்டியில் கம்பெனி அடித்திருக்கிற மாடல் பிளேட்டைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் எல்சி என்று இருந்தால் அடிச்சட்டம் நீளம், சேற்று நிலத்தில் கொஞ்சம் நிலையாக நிற்கும். நம் பக்கத்து களிமண்ணுக்கு 600 மி.மீ. செயின் பிளேட்டை விட 700 அல்லது 800 நல்லது. ஆனால் கல் இருக்கும் இடத்தில் அகலப் பிளேட் வளைந்துவிடும்.

ஹவர் மீட்டர் 6,000 மணி நேரம்தான் காட்டுகிறது. நம்பி வாங்கலாமாண்ணே?

மீட்டரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அதை மாற்றுவது பெரிய வேலை இல்லை. லீவர் குமிழியில் எழுத்து அழிந்திருக்கிறதா, பெடல் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, சீட்டின் இடது ஓரம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) பல் கூர்மையாக, கொக்கி மாதிரி ஆகியிருந்தால் அது 6,000 மணி வண்டி இல்லை, அல்லது பாறையிலேயே ஓடியது. பக்கெட்டைத் தரையை விட்டு ஒரு சாண் தூக்கி வைத்துக் கையால் ஆட்டிப் பாருங்கள். பக்கெட்டை மாட்டியிருக்கிற பின், புஷ் எல்லாம் லொடலொடவென்றால் கிரீஸ் அடிக்காமல் ஓட்டியிருக்கிறார்கள். கிரீஸ் அடிக்காதவர் மற்றதை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பாரா?

போவதற்கு முன்னால் ஃபோனில் சொல்லிவிடுங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று. போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும் வண்டியோ என்று சந்தேகப்படலாம். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம், புஸ்புஸ் என்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடல் பக்கம், உப்பளம், இறால் குட்டையில் ஓடிய வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாம் புதுசாக பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்களே!

வாங்கும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பேன். மதுரைப் பக்கம் கல் குவாரியில் 10,000 மணி ஓடிய வண்டியைச் சரி பண்ணலாம், பாகங்கள் தேய்ந்திருக்கும், மாற்றினால் ஓடும். உப்புத் தண்ணீரில் 4,000 மணி ஓடி, கழுவாமல் நின்ற வண்டி தேய்வதில்லை, உள்ளுக்குள் அரித்துப்போகிறது. எந்தப் பாகத்தை மாற்றினால் சரியாகும் என்று சொல்ல முடியாது. இன்று ஓஸ் போகும், அடுத்த வாரம் ஸ்டார்ட்டர், அதற்கப்புறம் சென்சார்.

சிலிண்டர் ராடில் (சிலிண்டருக்குள் போய்வரும் பளபளப்பான தண்டு) இருந்து ஆரம்பியுங்கள். பூம் (வண்டியோடு சேர்ந்த பெரிய கை), ஆர்ம் (அதன் நுனியில் இருக்கும் சின்னக் கை), பக்கெட் மூன்றின் சிலிண்டர்களையும் முழுக்க நீட்டச் சொல்லி, துணியால் ராடைத் துடைத்துவிட்டு விரல் நகத்தை அதன் மேல் மெதுவாக ஓட்டுங்கள். குரோம் நன்றாக இருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போகும். ஊசிமுனை அளவு குழி இருந்தாலும் டக்கென்று தட்டும். அந்தக் குழியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருக்கும், அது உப்பு வைத்த புள்ளி. ஒவ்வொரு தடவை ராடு உள்ளே போகும்போதும் அந்தக் குழி சீலை அரம் போல ராவிவிடும். புது சீல் கிட் போட்டாலும் கொஞ்ச நாளில் மறுபடி ஒழுகும். ராடை எடுத்துக் குரோம் பூச வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். எந்தச் சிலிண்டரில் எவ்வளவு குழி என்று பார்த்து விலையில் கழிக்கலாம்.

அடுத்து கேபின். கால் வைக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கி, தகரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பேச்சு முடிந்தது. சீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஃபியூஸ் பாக்ஸையும் கன்ட்ரோலர் கனெக்டரையும் திறந்தால் செம்புப் பின்னில் பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று தெரியும். பெயின்ட் அடிக்கிறவர்கள் அங்கே எல்லாம் கை வைப்பதில்லை. கவுன்டர் வெயிட்டுக்குக் கீழே, டேங்க் அடிப்பக்கம், ஹைட்ராலிக் இரும்புப் பைப் கிளாம்ப் பிடித்த இடம் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கிளாம்புக்கு அடியில்தான் உப்பு ஈரம் தங்கி பைப் ஓட்டையாகும். பூமிலும் ஆர்மிலும் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் தட்டிப் பார்த்து, விரிசல் ஓடுகிறதா என்று தேடுங்கள்.

ஆர்.சி. புத்தகம் இல்லை என்கிறார். ஏமாற்றுகிறாரா?

செயின் வண்டிக்குப் பொதுவாக ஆர்.சி. இருப்பதில்லை. டயர் வைத்த ஜேசிபிக்குத்தான் அது உண்டு. ஆகவே ஒரிஜினல் இன்வாய்ஸ், கை மாறிய ஒவ்வொரு தடவையும் எழுதிய விற்பனைப் பத்திரம், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி. மூன்றும் வேண்டும். வண்டியில் கம்பெனி அடித்த சீரியல் நம்பரும் எஞ்சின் நம்பரும் இன்வாய்ஸோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே எழுத்து எழுத்தாகப் பாருங்கள். என்.ஓ.சி. "அடுத்த வாரம் வந்துடும்" என்றால் பணமும் அடுத்த வாரம்.

பழைய மெக்கானிக்கல் வண்டி நல்லதா, கம்ப்யூட்டர் வைத்த மாடல் நல்லதா?

டீசல் கணக்குக்குப் புது மாடல் நல்லது. ஆனால் கடற்கரைக்கு, அதிலும் ராமேஸ்வரம் தீவிலோ தனுஷ்கோடி பக்கமோ வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால், நான் சாதாரண டீசல் பம்ப் வைத்த பழைய எஞ்சினைத்தான் சொல்வேன். ஒரு சென்சார் கனெக்டரில் உப்பு பூத்தால் புது வண்டி எரர் காட்டிவிட்டு வேகத்தைக் குறைத்துவிடும். லேப்டாப்போடு ஆள் பாம்பன் பாலம் தாண்டி வரும்வரை வாடகை போகும். புது மாடல்தான் என்று முடிவு பண்ணிவிட்டால், ஒவ்வொரு கனெக்டரையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் வைத்து மூடுங்கள். எர்த் வயரைக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். பாதி மர்ம எரர்கள் எர்த்தில்தான் இருக்கும்.

எதை எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை மாற்றுவது?

உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதுதான் முதல். புத்தகம் இல்லாத பழைய வண்டிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் 250 மணி, டீசல் ஃபில்டர் 500, ஹைட்ராலிக் ரிட்டர்ன் ஃபில்டர் 1,000, ஸ்விங் கியர் (மேல்பாகத்தைத் திருப்பும் கியர்) ஆயில் 1,000, ஃபைனல் டிரைவ் (செயினைச் சுற்றும் கியர் பெட்டி) ஆயில் 2,000. ஹைட்ராலிக் ஆயில் பழைய வண்டிகளில் 2,000 மணி, நல்ல ஆயிலும் புது மாடலும் என்றால் 5,000 வரை போகலாம். ஆயிலின் கெட்டித்தன்மை 46 நம்பரா 68 நம்பரா என்பதையும் புத்தகம் சொல்லும், இரண்டையும் கலக்காதீர்கள். டேங்கை மட்டும் வடித்து ஊற்றினால் பழைய ஆயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் ஓடும் நாட்களில் இந்தக் கணக்கைப் பாதியாக்குங்கள். முக்கியமாக ஃபைனல் டிரைவ். அதன் பக்கத்து சீல் வழியாகத் தண்ணீர் போனால் ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு மாறும். மாதம் ஒரு தடவை டிரெயின் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும், இருந்தால். பக்கெட் பக்கத்துப் பின்களுக்கு தினமும் கிரீஸ், தண்ணீருக்குள் வேலை என்றால் காலையும் மதியமும். பழைய கிரீஸ் வெளியே தள்ளி புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும், ஆபரேட்டர் தம்பி நாலு அடி அடித்துவிட்டு "அடிச்சாச்சு"ண்ணு சொல்வது கணக்கில் வராது.

ரேடியேட்டருக்கு போர் தண்ணீர் ஊற்றலாமா?

கூடவே கூடாது. நம் கடற்கரையில் பெரும்பாலான போர் உப்பு. கூலன்ட் கம்பெனி கலந்து தருவதையே ஊற்றுங்கள், இல்லையென்றால் டிஸ்டில்ட் வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். காட்டுக்குள் நடுவில் மாட்டிக்கொண்டால் குடிக்க வைத்திருக்கிற கேன் தண்ணீர் ஒரு நாளைக்கு ஓடும், அப்புறம் வடித்துவிட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூன்றும் வரிசையாகப் போகும்.

உப்பில் ஓடிய வண்டியைக் கழுவாமல் விட்டால் அரிக்கும் என்கிறீர்கள். தினமும் கழுவ எங்கே போவது, இங்கே குடிக்கவே காவிரித் தண்ணீர் வர வேண்டியிருக்கிறதே?

நியாயமான கேள்வி. முழு வண்டியையும் தினமும் கழுவ வேண்டியதில்லை. உப்புத் தண்ணீரில் இறங்கிய நாளில் மட்டும் செயின், ரோலர், ஃபைனல் டிரைவ், சிலிண்டர் ராடு, பக்கெட் பின் ஆகிய இடங்களுக்கு ஊருணித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ அடித்தால் போதும். ஒரு சின்ன ப்ரெஷர் பம்ப் இருந்தால் சின்டெக்ஸ் டேங்க் ஒன்றின் பாதியில் வேலை முடிந்துவிடும். காய்வதற்கு முன்னால் அடிக்க வேண்டும். கனெக்டர், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாயில் நேராக அடிக்காதீர்கள். கழுவிய கையோடு பின்களுக்கு கிரீஸ் அடித்துவிட்டால் உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வேலை இல்லாமல் நிற்கும். எப்படி நிறுத்துவது?

ராடு எதுவும் வெளியே தெரியாதபடி. ஆர்மை முழுக்க வெளியே நீட்டி, பக்கெட்டைத் திறந்த நிலையில் தரையில் படுக்க வைத்தால் மூன்று சிலிண்டரும் உள்ளே போய்விடும். இடம் நிறையப் பிடிக்கும், பரவாயில்லை. மிச்சம் தெரியும் ராடில் கிரீஸைத் தடவுங்கள். டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள், காலி டேங்கில் கடல் ஈரம் வியர்த்துத் தண்ணீராகும். பேட்டரி எர்த்தைக் கழற்றிவிடுங்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, ராடில் தடவிய கிரீஸைத் துடைத்துவிட்டு எல்லாச் சிலிண்டரையும் நாலு தடவை நீட்டி மடக்கி, மறுபடி தடவி நிறுத்துங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடுவது நல்லது என்று நினைப்பார்கள், காற்றுப் போகாவிட்டால் உள்ளே துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

காலையில் நன்றாக ஓடுகிறது. மதியம் ஆயில் சூடானதும் எல்லா வேலையும் மெதுவாகிவிடுகிறது.

எஞ்சின் சத்தத்தைக் கவனியுங்கள். லீவர் போட்டதும் எஞ்சின் திணறி ஆர்.பி.எம். விழுந்தால் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டர்போ, இன்ஜெக்டர் பக்கம் போங்கள். எஞ்சின் திணறாமல் ஜாலியாக ஓடிக்கொண்டே, பூம் மட்டும் சோம்பலாக எழுந்தால் ஹைட்ராலிக் பக்கம். சூடானால் ஆயில் நீர்த்துப்போகும், தேய்ந்த பம்பில் அது உள்ளேயே கசியும், அதனால்தான் காலையில் தெரியாத குறை மதியம் தெரிகிறது.

ஆனால் உடனே பம்பைக் கழற்ற விடாதீர்கள், பெரிய பில் அது. முதலில் ஆயில் அளவு, ஆயில் கூலரில் மண் அடைப்பு, சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயில் உறிஞ்சும் இடத்து வலை). அடுத்து பைலட் அழுத்தத்தைக் கேஜ் போட்டுப் பாருங்கள், அது 30-க்குக் கீழே இறங்கினால் மெயின் பம்ப் நன்றாக இருந்தாலும் ஸ்பூல் (ஆயிலுக்கு வழிவிடும் வால்வின் உள்தண்டு) முழுக்கத் திறக்காது. பிறகு மெயின் ரிலீஃப். கடைசியில்தான் பம்ப். ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பித்தளைத் துகள் மின்னினால் பம்ப் அல்லது மோட்டார் உள்ளே போய்விட்டது.

ஒரே ஒரு வேலை மட்டும் மெதுவாக இருந்தால் பம்பை மறந்துவிடுங்கள். அந்தச் சிலிண்டர், அதன் ஸ்பூல், அதற்குரிய போர்ட் ரிலீஃப் (அந்த வழிக்கு மட்டுமான அழுத்த வால்வு), மூன்றில் ஒன்று.

நேராக ஓட்டினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது.

இரண்டு செயினும் ஒரே டென்ஷனில் இருக்கிறதா, ஒரு பக்கம் ரோலரில் கருவேல வேரோ கம்பியோ சுற்றியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது இல்லை என்றால் சென்டர் ஜாயின்ட்டில் (சுழலும் மேல்பாகத்தில் இருந்து ஆயிலைக் கீழே கொண்டுபோகும் இணைப்பு) இருந்து கீழே போகும் இடது, வலது ஓஸ்களை ஒன்றுக்கு ஒன்று மாற்றி மாட்டச் சொல்லுங்கள். குறை மறுபக்கத்துக்குத் தாவினால் கோளாறு மேலே, அதாவது பம்ப், வால்வு அல்லது சென்டர் ஜாயின்ட் சீல். அதே பக்கத்திலேயே நின்றால் டிராவல் மோட்டார் அல்லது ஃபைனல் டிரைவ். செலவில்லாத சோதனை இது, மோட்டாரைக் கழற்றிக் கடைக்கு அனுப்புவதற்கு முன்னால் கட்டாயம் செய்யுங்கள்.

எஞ்சின் நிறுத்தியதும் பூம் தானாக இறங்குகிறது.

கொஞ்சம் இறங்குவது எல்லா வண்டியிலும் உண்டு. டீ குடித்துவிட்டு வருவதற்குள் பக்கெட் தரையைத் தொட்டால் கோளாறு. பிஸ்டன் சீலா வால்வா என்று பிரிக்க மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூம் இறங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் ஓடாமல், சாவி ஆனில், லாக் லீவர் திறந்த நிலையில், அக்யுமுலேட்டர் (பைலட் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் குடுவை) அழுத்தம் தீர்வதற்குள் லீவரை மேலே தூக்கும் பக்கம் பிடியுங்கள். இறங்கும் வேகம் கூடினால் சிலிண்டர் சீல், மாற்றம் இல்லை என்றால் வால்வு. கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, எட்டிப் பார்க்கக்கூட.

புகை?

கறுப்பு: காற்று போதவில்லை, முதலில் ஏர் ஃபில்டர். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணல் பறக்கிற இடத்தில் வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும். நீலம்: ஆயில் எரிகிறது. வெள்ளை, சூடான பிறகும் நிற்காமல் வந்தால்: டீசலில் தண்ணீர், இன்ஜெக்டர், அல்லது ஹெட் கேஸ்கெட்.

கருவேலம் பிடுங்கும்போது மட்டும் சூடாகிறது, ஏன்?

இலையும் தூசியும் ரேடியேட்டர் முன்னால் ஒட்டிக்கொள்கிறது. மதியம் ஒரு தடவை நிறுத்தி உள்பக்கமிருந்து வெளியே காற்று அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் ரூமில் சைலன்ஸர், டர்போ பக்கம் காய்ந்த இலை சேர விடாதீர்கள், தீப்பிடித்து எரிந்த வண்டிகள் உண்டு. கேபினில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் வையுங்கள், காலாவதி ஆகாததாக.

செயின் டென்ஷன் எவ்வளவு?

பிசி 200-ல் ஐட்லருக்கும் (செயினின் முன் சக்கரம்) மேல் ரோலருக்கும் நடுவே நேர்க்கம்பு வைத்துப் பார்த்தால் 10 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். சேறும் மணலும் ஒட்டும் இடத்தில் கொஞ்சம் தளர்வாகவே வையுங்கள், மண் ஏறி இறுகினால் ரோலரும் ஸ்ப்ராக்கெட்டும் சீக்கிரம் தேயும். தளர்த்தும்போது கிரீஸ் வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள், அதற்கு நேராக முகத்தையும் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் அழுத்தம் வால்வையே தோட்டா போலத் தள்ளி ஆளைக் கொன்றுவிடும்.

ஓஸில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பதும் இதே வகை. 300 பாரில் வரும் ஆயில் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்றால் விரலையே எடுக்க வேண்டிவரும். கைக்குப் பதில் ஒரு காகித அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

இறால் குட்டையில், கழிமுகச் சேற்றில் எவ்வளவு ஆழம் வரை இறக்கலாம்?

மேல் ரோலர் வரை. அதற்கு மேல் தண்ணீர் போனால் ஸ்விங் பேரிங் நனையும், வெளியே வந்ததும் பழைய கிரீஸைத் தள்ளிப் புதுசு போட வேண்டும். சிக்கிக்கொண்டால் செயினை உருட்டிக்கொண்டே இருக்காதீர்கள், குழிதான் ஆழமாகும். பூமை ஊன்றி ஒரு பக்கத்தைத் தூக்கி, செயினுக்கு அடியில் பனந்துண்டுகளைக் குறுக்கே போட்டு, அடுத்த பக்கத்தையும் அப்படியே செய்து, பக்கெட்டால் இழுத்துக்கொண்டு வாருங்கள். விழுந்து கிடக்கிற பனையைப் பயன்படுத்துங்கள். நிற்கிற மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இலேயே அரசு அறிவித்துவிட்டது.

கடற்கரையில் மணல் அள்ள, கண்மாயில் வண்டல் எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்?

வண்டல் எடுக்க விவசாயி பெயரில் வட்டாட்சியர் அனுமதி இருக்க வேண்டும், அதன் நகல் வண்டியில் இருக்கட்டும். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மணல் அள்ளச் சொல்லிக் கூப்பிட்டால் போகாதீர்கள், எவ்வளவு வாடகை தருவதாகச் சொன்னாலும். மண்டபத்தில் இருந்து மூக்கையூர் வரைக்குமான கடல் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவை ஒட்டியது, வருவாய்த் துறை, வனத் துறை இரண்டும் கவனிக்கும். வண்டியைப் பிடித்து வைத்தால் மாதக்கணக்கில் வெட்டவெளியில், கடல் காற்றில், ராடு நீட்டியபடி நிற்கும். திரும்ப வரும்போது மேலே சொன்ன நகச் சோதனையை உங்கள் வண்டிக்கே செய்ய வேண்டியிருக்கும்.

லோக்கல் பார்ட்ஸ் போடலாமா?

பக்கெட் பல், பின், புஷ், ரோலர் போடலாம், பார்த்து வாங்கினால் ஓடும். சீல் கிட், ஹைட்ராலிக் ஃபில்டர், பம்ப் உள்சாமான் இவற்றில் மட்டும் ஒரிஜினல்.